ஆட்டத்தில் கண், கையில் டீ

தில்லியில் கோல் மார்க்கெட் என்றால் வட்டச் சந்தை. இந்தியில் கோல் என்பது உருண்டை, வட்டம். ஹாக்கிப் பைத்தியமாக இருந்த எனக்கோ சிறுவயதில் அது கோல் போடுகிற மார்க்கெட்டாகத்தான் காதில் விழுந்தது. தமிழில் கோல் என்றால் கம்பு. அதுவும் ஹாக்கிக்குப் பொருந்திவிட்டதால் பல வருஷம் அந்தப் பெயர்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பார்க்கப்போனால் அந்தக் கட்டடம் வட்டம்கூட இல்லை. புதுதில்லி எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், 1921இல், ஒரு ரவுண்டானாவின் நடுவே பன்னிரண்டு பக்கங்களோடு அதைக் கட்டினார்கள். சுற்றுவட்டாரத்துக்கு டி.ஐ.இசட். ஏரியா என்று பெயர்: தில்லி இம்பீரியல் ஸோன். சாம்ராஜ்யம் போய்விட்டது. அதன் முதலெழுத்துகள் மட்டும் சர்க்கார் குவார்ட்டர்ஸ் விலாசங்களில் தங்கிவிட்டன.

மதராஸிலிருந்து ரயிலேறி வந்த குமாஸ்தாக் குடும்பங்கள் பல இந்த வட்டாரத்தில்தான் முதலில் மூட்டையை இறக்கின. பக்கத்து மந்திர் மார்கில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இன்றும் நடக்கிறது. அங்கிருந்து பொடிநடையாகப் போனால் சிவாஜி ஸ்டேடியம். நேரு ஹாக்கிப் போட்டி அங்கேதான் நடக்கும். அப்பாவின் ஆபீஸ் நண்பர் ஒருவர், நான் மாமா என்று கூப்பிடுவேன், என்னை அதற்கு அழைத்துப் போவார்.

அந்த மாமாவின் விரல்களை இன்றைக்கும் வரைந்து காட்ட முடியும். மூன்று கண்ணாடி டம்ளர்களை ஒன்றோடொன்று ஒட்டி முக்கோணமாக வைத்து, கட்டைவிரலும் நடுவிரலும் வெளியே, ஆள்காட்டி விரல் மூன்றுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் இறங்கியபடி, ஒரே கையில் தூக்கிவருவார். மறுகையில் வேர்க்கடலைப் பொட்டலம். படியேறும்போது அவர் கண் மைதானத்தை விட்டு நகராது. பெனால்டி கார்னர் என்று விசில் ஊதினால் போதும், கால் தானாக வேகம் எடுக்கும். டீ அவர் வெள்ளைப் பேண்டில் ஒரு இந்திய வரைபடம் போடும். "டீயைப் பார்த்து நடங்கோ மாமா" என்றால், "பார்த்தாத்தான்டா சிந்தும். சர்வர் எவனாவது டம்ளரைப் பார்த்து நடக்கறானா?" என்பார்.

இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்கு, நாற்பது வருஷம் தாமதமாக, நான் சொல்லும் பதில்.

சமையலறையிலிருந்து கூடத்துக்குக் காப்பி கொண்டுவருவதும் ஸ்டேடியத்தில் டீ ஏந்தி உட்காருவதும் வேறுவேறு பிரச்சினைகள். வீட்டில் கண் நம் வசம். வேடிக்கை பார்க்கும் இடத்தில் கண்ணை ஏற்கெனவே விற்றாகிவிட்டது, டிக்கெட் வாங்கியதே அதற்காகத்தான். கைகளும் முழுசாக நம்முடையவை அல்ல: தட்டவேண்டும், தூக்கவேண்டும், பக்கத்து ஆள் முதுகில் அறையவேண்டும். ஆகவே அங்கே விற்கிற பண்டத்துக்கும் பாத்திரத்துக்கும் ஒரு தனித் தகுதி வேண்டியிருக்கிறது. பிடித்திருப்பவர் பார்க்காதபோதும் அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சிந்துதல். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் ஹான்ஸ் மேயர், ரூஸ்லான் கிரெசெட்னிகோவ் என்ற இருவர் காப்பிக் கோப்பையோடு நடப்பவர்களைப் படம் பிடித்து அளந்தார்கள். 2012இல் 'ஃபிஸிக்கல் ரிவியூ இ' இதழில் கட்டுரை வந்தது. அதே வருஷம் இக் நோபல் பரிசும் வந்தது. சிரிக்கவைத்துவிட்டுப் பிறகு யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிக்கென்று தருகிற பரிசு அது. விஷயம் வேடிக்கை இல்லை, ராக்கெட் தொட்டியில் எரிபொருள் ஆடினால் ராக்கெட்டே தடம் மாறும், அந்தக் கணிதம்தான் கோப்பைக்கும்.

ஊஞ்சலுக்கு ஒரு வேகம் உண்டு. அதன் தாளத்தில் தள்ளினால் உயரப் போகும், தாளம் தப்பித் தள்ளினால் கையைத்தான் இடிக்கும். பாத்திரத்தில் இருக்கும் திரவத்துக்கும் அப்படி ஒரு சொந்தத் தாளம் இருக்கிறது. அது பெரும்பாலும் வாய் அகலத்தைப் பொறுத்தது. அகலம் நான்கு மடங்கானால் தாளம் பாதியாகும். ஏழு சென்டிமீட்டர் விட்டமுள்ள கப்பில் டீ நொடிக்குச் சுமார் மூன்றரை முறை முன்னும் பின்னும் ஆடும். மனித நடையோ நொடிக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவான அடிகள். ஒவ்வொரு அடியும் சுத்தமான ஒற்றைத் தள்ளல் இல்லை. குதிகால் பதிவது, முன்பாதம் உந்துவது என்று அதற்குள் துணைத் தாளங்கள் இருக்கின்றன. நடையின் இரட்டித்த தாளம் மூன்றரைக்கு வந்துவிடுகிறது. அதாவது மனிதன் கைக்கு அடக்கமாகச் செய்துகொண்ட கோப்பையும் மனிதன் காலும் ஒருவருக்கொருவர் எதிரிகளாக அமைந்துவிட்டன. ஏழிலிருந்து பத்தாவது அடிக்குள் சிந்திவிடும் என்றது அந்த ஆய்வு. கவனித்து நடந்தவர்கள் கூடுதல் தூரம் போனார்கள். ஆக, மாமா தோற்றார்.

முழுத் தோல்வி என்றும் சொல்லமாட்டேன். டீ ஒருமுறை ஆடி முடிக்க 0.28 நொடி. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை திருத்துவதற்கு 0.2 நொடி ஆகும். இடதுபக்கம் எழுந்த அலையைப் பார்த்து நாம் கையைத் திருத்தும்போது அலை எதிர்ப்பக்கம் போய்த் திரும்பிக்கொண்டிருக்கும். அலையலையாகத் துரத்தித் திருத்த முயன்றால் ஊஞ்சலைத் தள்ளிவிடுகிற வேலையைத்தான் கை செய்யும். டம்ளரைப் பார்ப்பதால் வருகிற லாபம் கையால் வருவதில்லை, கால் தயங்கி மெதுவாகப் போவதால் வருகிறது என்பது என் கணிப்பு. சர்வர் பார்க்காமல் நடப்பதற்குக் காரணம் அவர் கால் பழகிவிட்டது. மாமாவின் காலைப் பழக்கியது பெனால்டி கார்னர்.

இந்த வாய் அகலக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு பழமொழியைச் சோதித்துப் பார்க்கலாம். நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும். படித்தவர்களின் அடக்கத்துக்கு உவமையாகச் சொல்லிச் சொல்லி, அது முதலில் தண்ணீரைப் பற்றிய ஒரு வாக்கியம் என்பதையே மறந்துவிட்டோம்.

குடத்தின் உடல் அகலம், கழுத்து குறுகல். முழுக்க நிரப்பினால் தண்ணீரின் மேற்பரப்பு கழுத்துக்குள் வந்துவிடுகிறது. பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள சின்ன வட்டம். அங்கே தாளம் நொடிக்கு ஏறக்குறைய மூன்று, ஆடக்கூடிய தண்ணீரும் கொஞ்சம்தான், மீதியெல்லாம் கழுத்துக்குக் கீழே அசையாமல் கிடக்கும். பாதிக் குடமாக இருந்தால் மேற்பரப்பு வயிற்றின் மிக அகலமான இடத்தில் நிற்கும். முப்பது சென்டிமீட்டர் விட்டம் என்று வைத்துப் போட்டால் தாளம் 1.7 அளவில் வருகிறது. நடையின் அடிக்கணக்குக்கு மிக அருகில்! ஒவ்வொரு அடியும் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிறது. குறைகுடம் கூத்தாடாமல் என்ன செய்யும்?

பழமொழி குடத்துக்கு உண்மை, நேர்ச்சுவர் டம்ளருக்குப் பொய். டம்ளரில் மேலே கீழே எங்கே நின்றாலும் அகலம் ஏறத்தாழ ஒன்றுதான். நிறைந்திருந்தால் விளிம்பைத் தாண்டும் தூரம் குறைவு, அவ்வளவே வித்தியாசம். நிறைடம்ளர்தான் தளும்பும். வாளிக்கு இன்னும் மோசம். இருபத்தெட்டு சென்டிமீட்டர் வாய்க்குத் தாளம் 1.8. மனித நடைக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டைபோல. இதைக் கணக்கில்லாமலே கண்டுகொண்டவர்கள் தண்ணீர்மேல் இலைக்கொத்தைப் போட்டுச் சுமந்தார்கள். மிதக்கும் இலைகள் அலையின் ஆற்றலை உரசித் தின்றுவிடும்.

இலைக்குப் பதில் நுரையும் அதே வேலையைச் செய்யும். 2015இல் பிரின்ஸ்டனைச் சேர்ந்த ஆல்பான் சோரேயும் சகாக்களும் இதை அளந்தார்கள். நுரை ததும்பும் பானம் ஏன் சிந்துவதில்லை என்ற கேள்வியில் ஆரம்பித்தது. குமிழிகள் ஐந்தே அடுக்கு இருந்தால் அலையின் உயரம் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. பாத்திரச் சுவரை ஒட்டிய குமிழிகள் சுவரில் உராய்வதுதான் காரணம் என்று கண்டார்கள். அதற்கு மேல் எத்தனை அடுக்கு சேர்த்தாலும் கூடுதல் பலன் சொற்பம். நம் ஊரில் காப்பியை டபராவுக்கும் டம்ளருக்கும் இடையே இழுத்து ஆற்றி நுரையோடு தருவது ருசிக்காக, சூடு தணிய என்றுதான் நினைத்திருந்தேன். அது ஒரு பிரேக்கும்கூட. அதையும் மீறிச் சிந்தினால் ஏந்த டபரா கீழேயே இருக்கிறது. சிந்தாமல் இருக்க ஒரு வழி, சிந்தினால் வீணாகாமல் இருக்க இன்னொரு வழி என்று இரண்டையும் ஒரே ஜோடிப் பாத்திரத்தில் வைத்தவர் யாரோ, பெயர் போட்டுக்கொள்ளவில்லை.

இனி டீக்கடைப் பையனின் கம்பி ஸ்டாண்டு. ஆறோ எட்டோ டம்ளர் வைக்கிற கம்பிக் கூடு, மேலே ஒற்றைக் கைப்பிடி. கோல் மார்க்கெட் கடைகளிலிருந்து சர்க்கார் ஆபீஸ் வராந்தாக்கள் வரை இதை வீசி ஆட்டிக்கொண்டு ஓடுகிற பையன்களைப் பார்த்திருப்பீர்கள். கூடு சாய்கிறது, டீ சிந்துவதில்லை. பஸ் திடீரென்று பிரேக் போட்டால் கைப்பிடி வளையங்கள் முன்பக்கம் சாயும். அதே பஸ்ஸில் வாளித் தண்ணீர் இருந்தால் அதன் மேற்பரப்பும் முன்பக்கம் உயர்ந்து சாயும். இரண்டும் ஒரே கோணம், ஏனென்றால் இரண்டையும் சாய்ப்பது ஒரே விசை. இப்போது வாளியையே அந்த வளையத்திலிருந்து தொங்கவிடுங்கள். வாளியின் அடித்தட்டும் தண்ணீரோடு சேர்ந்து அதே கோணத்தில் சாயும். தண்ணீரின் பார்வையில் பஸ் பிரேக்கே போடவில்லை. தொங்குகிற பாத்திரத்தின் ரகசியம் இதுதான். முப்பது சென்டிமீட்டர் நீளத் தொங்கலுக்குத் தாளம் நொடிக்கு 0.9, நடையைவிட மெதுவானது. ஆகவே காலின் படபடப்பு மேலே கைப்பிடியோடு வடிகட்டப்பட்டுவிடுகிறது. மோரும் வெண்ணெயும் வைத்த நம் உறிகூட இந்த வம்சம்தான், பூனைக்காக மட்டும் கட்டியதில்லை.

தென்கொரியாவில் ஜிவோன் ஹான் என்ற பள்ளி மாணவர் இதைக் கோப்பைக்குக் கொண்டுவந்தார். பக்கவாட்டில் பிடிக்காமல், ஐந்து விரலையும் நகம்போல் வளைத்து விளிம்பை மேலிருந்து பிடித்தால் கோப்பையே ஒரு சின்ன ஊசலாகிவிடும், அலை குறையும். பின்பக்கமாக நடந்தாலும் குறையும் என்றார். 2017இல் அவருக்கும் இக் நோபல். பின்பக்கமாக நடந்தால் தடுக்கி விழலாம் என்றும் நேர்மையாக எழுதியிருந்தார். ஸ்டேடியத்துக்கு இது ஒருவிதத்தில் பொருந்தும்: படியிறங்கும்போதும் மைதானத்தைப் பார்த்தபடியே பின்வாங்கி நடப்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

பார்வையாளர்களுக்கு இடையே புகுந்து விற்பவர்கள் பலர் தலையில் சுமக்கிறார்கள். தில்லியில் பிரம்பு ஸ்டாண்டை இடுக்கிக்கொண்டு, தலையில் சும்மாடு, அதன்மேல் அகலத் தாம்பாளம், அதில் கொண்டைக்கடலையும் வெங்காயமும் எலுமிச்சையும். தலை ஏன்? நம் உடம்பிலேயே மிகவும் ஆடாத தளம் அதுதான். நடக்கும்போது இடுப்பு ஏறி இறங்கும், தோள் திரும்பும். காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பும் கழுத்துத் தசைகளும் சேர்ந்து தலையை மட்டும் முடிந்தவரை நிலையாக வைத்திருக்கும், இல்லையென்றால் கண்ணில் விழும் படம் குலுங்கும். கண்ணுக்காக இயற்கை ஏற்பாடு செய்த ஸ்டாண்டை விற்பனையாளர் தாம்பாளத்துக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார். 1986இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, கென்யாவின் லுவோ இனப் பெண்கள் தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குச் சுமையைத் தலையில் வைத்துக் கூடுதல் ஆற்றல் செலவே இல்லாமல் நடக்கிறார்கள் என்றது. படிக்கட்டில் அந்தச் சலுகை கிடைக்காது என்று நினைக்கிறேன். அது சமதரையின் நடைச் சிக்கனம்.

இதுவரை நடந்துகொண்டிருந்தோம். இடம் கண்டுபிடித்து உட்கார்ந்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆபத்து இப்போதுதான்.

1999 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை, பெரோஸ் ஷா கோட்லா மைதானம். இந்தியாவுக்கு எதிரான கிரிக்கெட் டெஸ்டில் ஜெயிக்க 420 தேவை, பாகிஸ்தான் விக்கெட் இழக்காமல் 101. அதன்பிறகு இந்தியாவின் கும்ப்ளே பந்து வீசிய அந்தப் பிற்பகலில் அரங்கம் பத்து முறை துள்ளி எழுந்தது. 74 ரன்னுக்குப் பத்து விக்கெட், பாகிஸ்தான் 207. அன்றைக்கு எத்தனை கப் டீ கவிழ்ந்தது என்று யாரும் எண்ணவில்லை, ஆனால் ஒரு கப் எப்படிக் கவிழும் என்று கணக்குப் போடலாம்.

உட்கார்ந்திருப்பவர் குதித்து எழும்போது கை நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் மேலே போகிறது என்று வையுங்கள். மேலே போகும்வரை தொல்லை இல்லை, டீ கப்பின் அடியில் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்திருக்கும். கை நிற்கும்போதுதான் கூத்து. கப் நிற்கிறது, டீக்குச் செய்தி போய்ச் சேரவில்லை, அது மேலேயே போக விரும்புகிறது. அதைப் பிடித்து நிறுத்த இருப்பது புவியீர்ப்பு மட்டும். கை பத்து சென்டிமீட்டருக்குள் நின்றால் வேகம் குறையும் வீதம் நொடிக்கு நொடி 11.25 மீட்டர். புவியீர்ப்பு தரக்கூடியது 9.8. மிச்சக் கடன் டீயாக வெளியேறும். அதே கை பதினைந்து சென்டிமீட்டர் எடுத்துக்கொண்டு நின்றால் 7.5தான், டீ கப்பிலேயே இருக்கும். முன்வரிசைக்காரரின் சட்டைக் காலருக்கும் கொதிக்கும் டீக்கும் இடையே இருக்கிற பாதுகாப்பு, ஐந்து சென்டிமீட்டர்.

கை நழுவினால் இன்னொரு கணக்கு. விரல் நுனிகள் ஒரு பொருளைப் பிடிக்கும்போது தேவைக்குக் கொஞ்சமே கூடுதலாக அழுத்துகின்றன என்று 1984இல் சுவீடனின் ரோலான்ட் யோஹான்சன், யோரான் வெஸ்ட்லிங் காட்டினார்கள். வழவழப்பானால் கூட்டிப் பிடிக்கும், சொரசொரப்பானால் குறைக்கும். எல்லாம் நம்மைக் கேட்காமலே. கண் மைதானத்தில் இருக்கும்போது டம்ளர் கையில் நிற்பது இந்தத் தோல் உணர்வின் புண்ணியம். சறுக்கத் தொடங்கியதும் விரல் சுமார் 70 மில்லி நொடியில் இறுக்கும். அதற்குள் டம்ளர் இரண்டரை சென்டிமீட்டர் விழுந்திருக்கலாம். விளிம்பு மடிந்த எவர்சில்வர் டம்ளரும், சுருட்டிய விளிம்புள்ள பேப்பர் கப்பும், மேலே அகன்று கீழே குறுகும் வடிவமும் அந்த இரண்டரை சென்டிமீட்டருக்குள் விரலுக்கு ஒரு தடுப்பைத் தருகின்றன. கீழே நழுவ நழுவ அகலம் கூடுவதால் பிடி தானே இறுகும். ஐஸ் போட்ட குளிர்பானத்தில் வெளியே முத்து முத்தாக நீர் பூக்கும்போது இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். உராய்வு விழும், விரலும் மரத்துப்போகும்.

இத்தனை கஷ்டம் எதற்கு, மூடி போட்ட பாட்டில் எடுத்துப் போகலாமே என்பீர்கள். நியாயம். மூடிய பாட்டில் சிந்தாது, நழுவினால் உடையாது, பார்க்காமல் பிடிக்கலாம். ஒரே ஒரு குற்றம், அதை எறியலாம். 1996 மார்ச் 13, ஈடன் கார்டன், உலகக் கோப்பை அரையிறுதி. இந்தியா 120க்கு 8 விக்கெட் என்று சரிந்தபோது கூட்டம் பாட்டில்களை எறிந்து இருக்கைகளுக்குத் தீயும் வைத்தது. மேட்ச் ரெஃப்ரி கிளைவ் லாயிட் ஆட்டத்தை இலங்கைக்கே கொடுத்துவிட்டார். அரை லிட்டர் நிறைந்த பாட்டில் பத்து மீட்டர் உயர மாடத்திலிருந்து வெறுமே விழுந்தாலே 49 ஜூல். மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் கிரிக்கெட் பந்தின் ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்கு. பந்துக்கு ஹெல்மெட் போடுகிறோம்.

ஆக வாசலில் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே பேப்பர் கப்பில் தண்ணீர் தருகிறார்கள். வேடிக்கை இடத்துப் பாத்திரத்தின் வினோதமான நிபந்தனை இது. டீயைத் தாங்கும் அளவுக்கு உறுதி வேண்டும், மண்டையை உடைக்கும் அளவுக்கு உறுதி கூடாது. காலிப் பேப்பர் கப்பை எவ்வளவு கோபமாக வீசினாலும் காற்று அதை நாலு வரிசைக்குள் நிறுத்திவிடும். ஆனால் அதன் உட்புறத்தில் பாலிஎத்திலின் பூச்சு இருக்கிறது. சூடான நீர் பதினைந்து நிமிஷம் அதில் நின்றால் 100 மில்லிக்குச் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள் கலக்கிறது என்று கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வு 2020இல் சொன்னது. வெறும் பிளாஸ்டிக் கப், தட்டு, ஸ்பூன், உறிஞ்சுகுழல் எல்லாவற்றுக்கும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. மண் குல்லட்டை ரயில் நிலையங்களில் கட்டாயமாக்க 2004இல் ரயில்வே அமைச்சராக இருந்த லாலு பிரசாத் முயன்றார். அதன் தடித்த நுண்துளைச் சுவர் கையைச் சுடாமல் காக்கும், கசிந்து ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் 100 மில்லி டீயை ஐந்தரை டிகிரி குளிர்விக்கும். எனக்குக் குல்லட் பிடிக்கும். ஆனால் அதை ஸ்டேடியத்துக்குள் விடச் சொல்லமாட்டேன். எறிவதற்கு அதைவிட வசதியான பொருள் இல்லை.

திடப் பண்டங்களுக்கு வந்தால் நாம் பெரிய ஆட்கள். கோல் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் பங்களா சாகிப் குருத்வாராவில் கடா பிரசாதத்தை இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து வாங்குவார்கள். நெய் சொட்டும், சூடு உள்ளங்கையைத் தட்டும். மனிதனின் முதல் பாத்திரம் அது. அங்கே கண் கையிலேயே இருக்கும், அதனால் சிந்துவதில்லை. அடுத்த பாத்திரம் தொன்னை. வடக்கே சால் இலையையோ புரச இலையையோ ஈர்க்கால் தைத்து தோனா என்பார்கள். நெய்க்குத் தொன்னை ஆதாரமா, தொன்னைக்கு நெய் ஆதாரமா என்று தர்க்கம் பேசியவர்கள் நாம். இலையின் நரம்புகள்தான் ஆதாரம் என்பது என் கட்சி. நடுநரம்பிலிருந்து பிரிந்து ஓடும் கிளை நரம்புகள் கூரைக்கு உத்திரம்போல நிற்பதால்தான் அவ்வளவு மெல்லிய தாள் மடித்ததும் விறைக்கிறது.

பிறகு பொட்டலம். செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, நுனியை ஒரு முறுக்கு. பசை இல்லை, நூல் இல்லை. அதே வாயும் உயரமும் கொண்ட உருளையில் மூன்றில் ஒரு பங்குதான் கூம்பு கொள்ளும், வியாபாரிக்கு அதுவும் லாபம். இத்தனை கடலையின் பாரம் நுனியில் ஏறினால் தாள் கிழியாதோ? கிழிவதில்லை. 1895இல் ஜெர்மனியின் யான்சன் தானியக் குதிர்களை அளந்து காரணம் சொன்னார். திரவத்தில் ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடிக்கொண்டே போகும். தானியத்தில் ஓரளவுக்கு மேல் கூடாது. மணிகள் ஒன்றை ஒன்று நெருக்கி வளைவுகட்டி, பாரத்தைச் சுவர்மேல் உராய்வாக ஏற்றிவிடும். வேர்க்கடலைப் பொட்டலம் ஒரு குட்டிக் குதிர். அச்சு மை உணவில் இறங்குகிறது என்று 2016இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் செய்தித்தாள் பொட்டலம் வேண்டாமென்று அறிவுறுத்தியது. நியாயம்தான், பழைய நோட்டுத் தாளும் மஞ்சள் காகிதமும் அந்த இடத்துக்கு வந்திருக்கின்றன. பொட்டலத்தைப் பிரித்தபின் போன வருஷத்து ஆட்டத்தின் ஸ்கோரைப் பாதியில் படிக்கிற சுகம்தான் போய்விட்டது.

கோல் கப்பாவுக்கும் இதே கோல்தான், உருண்டை. பாத்திரத்தையே தின்றுவிடுவதால் குப்பைப் பிரச்சினைக்கு இதைவிட நல்ல தீர்வு இல்லை என்று நினைப்பேன். ஸ்டேடியத்துக்கு மட்டும் அது ஆகாது. ஓடு மெல்லியது, புளித்தண்ணீர் ஊற்றியதும் ஊற ஆரம்பிக்கும். உடனே தலையை அண்ணாந்து, வாயை முழுசாகத் திறந்து, ஒரே வாயில் போடவேண்டும். அந்த நொடியில் யார் கோல் போட்டாலும் நாம் பார்ப்பது ஆகாயத்தை. அப்போதெல்லாம் ஹாக்கி முப்பத்தைந்து நிமிஷம் வீதம் இரண்டு பாதி. கோல் கப்பா இடைவேளையில், வெளியே, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்பது மாமாவின் சட்டம்.

டீ விஷயத்தில் அவர் கடைசியில் விஞ்ஞானத்திடம் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. பேண்டை வெளுத்துக்கொண்டிருந்த மாமியிடம்தான் தோற்றார். "இன்னொரு தடவை டீக் கறையோட வந்தேள்னா நீங்களே தோச்சுக்குங்கோ." அடுத்த ஆட்டத்திலிருந்து டீ கிடையாது. கோட்டின் இரண்டு பக்கப் பைகளிலும் தோலோடு வறுத்த வேர்க்கடலை. யோசித்துப் பார்த்தால் அதற்குப் பாத்திரமே வேண்டாம். ஒவ்வொரு பருப்பும் தன் மூடியோடு வருகிறது, நடுவில் தையல் ஓடுகிறது, கட்டைவிரல் பார்க்காமலே அந்தத் தையலைக் கண்டுபிடித்து அழுத்தும். சிந்தாது, ஊறாது, எறிந்தால் யாருக்கும் வலிக்காது. கோல் விழுந்து துள்ளிக் குதித்தாலும் பையிலேயே கிடக்கும்.

உடைத்த தோலை எங்கே போடுவதென்று மட்டும் அவர் யோசிக்கவில்லை. அதுவும் அதே பைக்குத்தான் திரும்பப் போகும். இரண்டாம் பாதியில் நான் கை விட்டால் பத்தில் எட்டு வெறும் கூடு. "தேடு, இருக்கும்" என்பார், மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.